மரக்கன்றுக்கு முன்னால் புல்: உவர் நிலத்துக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சீமைக்கருவேலை அகற்றிவிட்டு அந்த இடத்தில் மரக்கன்று நடும் பணிகள் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்தப் பணியில் இறங்கியிருப்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் இராமநாதபுரம், தூத்துக்குடி கடலோரத்தின் உப்பேறிய பொட்டல்களிலும் எல்லா ஊருக்கும் போட்ட அதே திட்டத்தை அப்படியே நடத்தினால் போட்ட பணம் வீண், பட்ட பாடும் வீண். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாடு, ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடமெல்லாம் அவை எதைத் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று பார்த்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உவர் மண்ணில் முதலில் நட வேண்டியது மரமல்ல, புல். அதுவும் இந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் புல்.

மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் 1969-லிருந்து ஹரியானாவின் கர்னாலில் இயங்கிவருகிறது. அதன் கணக்குப்படி நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். தமிழகத்தில் மட்டும் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். இதில் பெரும்பகுதி உள்மாவட்டங்களின் களர் நிலம். கடலோரத்தில் இருப்பது உவர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதித் தவறு நடக்கிறது. களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதை இறுக்கிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது. அதற்கு ஜிப்சம் போடலாம், பலன் உண்டு. உவரில் பிரச்சினை மண்ணில் கரைந்து கிடக்கும் உப்பு. அதற்கு ஜிப்சம் மருந்தல்ல. நல்ல தண்ணீர் உள்ளே இறங்கி உப்பைக் கீழே தள்ள வேண்டும், அந்தத் தண்ணீர் வடியவும் வழி வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் உவர் நிலத்தில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் கொட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிக் கொட்டியவர்களும் அதில் உண்டு.

கடலோர உவர் நிலத்தில் உப்புத் தண்ணீர் வெகு ஆழத்தில் இருப்பதில்லை. மேலே தரை வெயிலில் காயக் காய, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண் அந்தத் தண்ணீரை மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு தரையிலேயே தங்கிவிடும். பங்குனி, சித்திரையில் அந்தப் பொட்டலில் நடந்து பாருங்கள். தரை வெள்ளை பூத்திருக்கும், மேல்மண் பொருபொருவென்று உப்பிக்கொண்டு நிற்கும், கால் வைத்தால் பொசுக்கென்று அமுங்கும். தரை மூடப்படாமல் எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனைக்கு உப்பு ஏறும். சீமைக்கருவேல் எவ்வளவு கேடு செய்திருந்தாலும் தரைக்கு நிழலாவது கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கோடையில் ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு, ஐப்பசி மழை வரும்வரை நிலத்தை மொட்டையாகப் போட்டால் ஐந்தாறு மாத வெயில் நேராகத் தரையில் இறங்கும். மழைக்காலத்தில் கன்று நட வரும்போது அந்த நிலம் பழையதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அப்புறம் குழி வெட்டுகிறோம். ஒன்றரை அடி, இரண்டடி குழி என்பது அந்த மண்ணில் உப்புத் தண்ணீருக்கு இன்னும் பக்கத்தில் கன்றைக் கொண்டுபோய் வைப்பது. மழை இருக்கும் வரை கன்று நன்றாகவே இருக்கும். புகைப்படமும் அப்போதுதான் எடுக்கப்படுகிறது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் இலையின் நுனி பழுப்பாகும், பிறகு ஓரம் கருகும், பிறகு இலை உதிரும். டேங்கரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரும் பல இடங்களில் உப்பு போர்வெல் தண்ணீர்தான். சித்திரைக்குள் குச்சிதான் மிச்சம். அதற்குள் சீமைக்கருவேல் திரும்பிவிடுகிறது. அறுபட்ட அடித்தூரிலிருந்து துளிர்க்கும். ஆடு மாடு தின்ற காயின் விதை சாணத்திலும் புழுக்கையிலும் முழுசாக வந்து விழுந்து முளைக்கும். காலி நிலம் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். நிழலும் போட்டியும் இல்லாத தரையில்தான் அதன் நாற்று வேகமாக எழும்பும். புல் அடர்ந்த தரையில் அவ்வளவு எளிதாக எழும்ப முடியாது.

இனி புல்லுக்கு வருகிறேன். உவர் நிலத்தின் ஓரங்களில், உப்பளத்துக்குப் போகும் வாய்க்கால் கரையில், தரையோடு ஒட்டிப் படர்ந்து கிடக்கும் ஒரு குட்டைப் புல் உண்டு. இலை சிறியது, விறைப்பானது, நுனி கூரானது. தாவரவியலில் ஏலூரோபஸ் என்பார்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் அதன் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இலை முழுக்கப் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். நாக்கில் வைத்தால் உப்பு. வேர் வழியே ஏறிவந்த உப்பை, இலையில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் வழியே அந்தப் புல் வெளியே தள்ளிவிடுகிறது. காற்றிலும் மழையிலும் அது உதிர்ந்துபோகும். கடற்கரை ஓரம் நிற்கும் ஸ்போரோபோலஸ், ஜோய்சியா வகைப் புற்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. நம் அருகம்புல்லுக்கும் உண்டு. மண்ணின் உப்பை டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அது 3-ஐத் தாண்டினால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். அருகு ஏறத்தாழ 7 வரை முகம் சுளிக்காது. வெட்டிவேர் அதற்கும் கொஞ்சம் மேலே போகும்.

ஒரு தப்பெண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். புல் நட்டால் அது உப்பை உறிஞ்சி எடுத்துவிடும், அறுத்து வெளியேற்றினால் நிலம் சுத்தமாகிவிடும் என்று சிலர் மேடையிலேயே பேசுகிறார்கள். அப்படியில்லை. ஒரு ஏக்கர் உவர் மண்ணில் கிடக்கும் உப்போடு ஒப்பிட்டால் புல் அறுப்பில் வெளியேறும் உப்பு மிகக் கொஞ்சம். புல்லின் உண்மையான வேலை வேறு. அது தரையை மூடுகிறது. வெயில் நேராகப் படாததால் உப்பு மேலே ஏறுவது குறைகிறது. அதன் வேர் மண்ணைத் துளைத்துத் திறக்கிறது. பழைய வேர் மக்கி அந்த இடம் தண்ணீர் இறங்கும் வழியாகிறது. மழைத் தண்ணீர் மேலே ஓடிப்போகாமல் உள்ளே இறங்கி உப்பைக் கீழே தள்ளுகிறது. உப்பைக் கழுவுவது மழை. அந்த மழைக்குக் கதவு திறந்துவிடுவது புல். அதனால்தான் வடிகாலும் கூடவே வேண்டும் என்கிறேன். தண்ணீர் தேங்கி நின்றால் எந்தப் புல்லும் காப்பாற்றாது.

களர் நிலத்தில் இன்னொரு அதிசயம் நடக்கிறது. கர்னால் புல் என்று ஒன்று இருக்கிறது. பெயர் கர்னாலுடையதாக இருந்தாலும் நம் பக்கத்து ஈர உவர்களிலும் வளரக்கூடிய டிப்ளாக்னே வகை. அதன் வேர்கள் மூச்சு விடும்போது வெளிவரும் கரியமில வாயு மண் நீரில் கரைந்து, களரில் சுண்ணாம்புக் கட்டியாகக் கிடக்கும் கால்சியத்தைக் கரைத்துவிடுகிறது. அந்தக் கால்சியம் சோடியத்தை அகற்றி அதன் இடத்தைப் பிடிக்கிறது. அதாவது ஜிப்சம் செய்யும் வேலையில் ஒரு பங்கை, மெதுவாக என்றாலும், அந்தப் புல்லே செய்துவிடுகிறது. வடக்கே களர் சீர்திருத்தத்தில் இதை முதல் பயிராகவே நட்டிருக்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் நின்றாலும் தாங்கும், மாடும் தின்னும்.

எந்த இடத்துக்கு எந்தப் புல் என்பதில்தான் கவனம் வேண்டும். உப்பு பூத்து வேறெதுவும் நிற்காத தாழ்வான இடத்துக்கு ஏலூரோபஸ், ஸ்போரோபோலஸ். ஈரம் கொஞ்சம் நிற்கும் களருக்குக் கர்னால் புல். உப்பு நடுத்தரமான இடத்துக்கு அருகு. வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் வெட்டிவேர்; தென்னிந்திய வெட்டிவேர் முளைக்கிற விதை போடாது, தூரைப் பிரித்து நட்டால்தான் வரும், ஆகவே பரவிக் களையாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். மேட்டாங்காட்டு வறண்ட மண்ணுக்குக் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் பகுதியில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள், வெள்வேல் நிழலில், மாட்டையும் ஆட்டையும் காலகாலமாகக் காப்பாற்றிவருவது இந்தப் புல்தான். மணல் தேரிக்கு இராவணன் மீசை. அது தீவனமல்ல, ஆனால் மணலைப் பிடித்து நிறுத்தும். மணல்மேடு நின்றால்தான் அதன் அடியில் மழைத் தண்ணீர் தங்கும், ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் கிடைக்கும். கடலோரத்தில் மணல்மேட்டைச் சமன்படுத்திவிட்டுக் கிணறு உப்பாகிவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை.

'நம் மண்ணின் புல்' என்று நான் அழுத்திச் சொல்வது ஊர்ப்பற்றால் அல்ல. இதே கொழுக்கட்டைப்புல்லை ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் தீவனத்துக்காகக் கொண்டுபோனார்கள். அங்கே அது காட்டுத் தீக்கு எரிபொருளாகி, அந்த மண்ணின் செடிகளை நெருக்கித் தள்ளும் ஆக்கிரமிப்புப் புல்லாக இருக்கிறது. நமக்கு நண்பன், அவர்களுக்குப் பகை. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சீமைக்கருவேல் நமக்குச் செய்ததும் அதுதான். குஜராத்தின் பன்னிப் புல்வெளியைக் கேட்டிருப்பீர்கள். சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், எருமை வளர்க்கும் மால்தாரிகளின் மேய்ச்சல் நிலம். ரண் பாலைவனத்தின் உப்பு முன்னேறி வருவதைத் தடுக்க 1960-களில் அங்கே சீமைக்கருவேலை நட்டார்கள். புல்வெளியின் பெரும்பகுதியை அது விழுங்கிவிட்டது. மரத்தை அகற்றிப் பாதுகாத்த இடங்களில் உப்புத் தாங்கும் பழைய புல் திரும்ப எழுந்திருக்கிறது. நம் கோடியக்கரையிலும் அதே கதை. வெளிமானுக்காகவே 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். சீமைக்கருவேல் ஏற ஏற மான் மேயும் திறந்த புல்வெளி சுருங்கியது.

இனி நடவு. உப்பைத் தாங்கும் புல்கூட விதையாக இருக்கும்போது உப்பைத் தாங்காது. முளைக்கிற பருவம்தான் அதற்குக் கண்டம். ஆகவே உவரில் விதை தூவுவது பயன் தராது. தூர் பிரித்து வேரோடு நட வேண்டும், ஐப்பசியில் முதல் நல்ல மழை இறங்கி மேல் உப்பு கொஞ்சம் கழுவப்பட்ட பிறகு. வரப்பாகப் பார் பிடித்து நட்டால், பாரின் உச்சியில் நடக் கூடாது. ஈரம் உச்சியை நோக்கி ஏறி அங்கேதான் ஆவியாகிறது, உப்பும் அங்கேதான் சேரும். பாரின் சரிவில், பாதி உயரத்தில் தூரை வையுங்கள். மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தாலே தெரியும்: உச்சியில் வெள்ளைக் கோடு ஓடியிருக்கும், சரிவில் நட்ட தூர் பச்சையாக இருக்கும், உச்சியில் நட்டது சுருண்டிருக்கும். செலவில்லாத இந்த ஒரு விஷயத்தில்தான் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. கொழுக்கட்டைப்புல்லை மட்டும் விதைக்கலாம். ஆனால் அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது, விதைக்கு உறக்கம் உண்டு; ஆறேழு மாதம் வைத்திருந்து, செம்மண்ணும் சாணமும் சேர்த்து உருட்டி விதைத்தால் காற்றில் பறக்காது, எறும்பும் தூக்காது.

முதல் வருடம் ஆடு மாடு உள்ளே போகக் கூடாது. வேலிக்குப் பணம் தேட வேண்டாம், வெட்டிய சீமைக்கருவேல் முள்ளே போதும். காய்களை மட்டும் உதிர்த்துவிட்டு அடைத்தால் சரி. இப்போது அந்த விறகெல்லாம் கரிமூட்டத்துக்குப் போகிறது. போகட்டும், அதில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. மெல்லிய முள்கிளையை வேலிக்கு ஒதுக்கினால் கரிக்காரர்களுக்கு நட்டமில்லை.

இரண்டாம் வருடத்திலிருந்து அறுத்துப் போடலாம், பிறகு முறை வைத்து மேய்க்கலாம். உவர்ப் புல்லில் உப்பு கூடுதலாக இருக்கும், ஆகவே அதையே முழுத் தீவனமாகப் போடாமல் வைக்கோல், சோளத்தட்டையோடு கலந்து போட வேண்டும், தண்ணீரும் தாராளமாகக் காட்ட வேண்டும். இது என் தொழில் சார்ந்த எச்சரிக்கை. கம்பு நேப்பியர் கரணை வாங்கி உவரில் ஊன்றிவிட்டுக் காய்ந்துபோனது என்று வந்து நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நேப்பியர் அருமையான தீவனம்தான், ஆனால் அதற்கு நல்ல மண்ணும் ஓயாத பாசனமும் வேண்டும். மானியத்தில் கிடைக்கிறது என்பதற்காக எந்த மண் என்று கேட்காமல் அதைக் கொடுத்தனுப்பும் அலுவலகம் ஒன்றை எனக்குத் தெரியும். அதே மானியத்தில் கொழுக்கட்டைப்புல் விதையும் அருகம் தூரும் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பங்களின் ஆடு மாடு கோடையில் பட்டினி கிடந்திருக்காது.

ஊர் ஊராகச் செம்மறி மேய்க்கும் கீதாரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கடிதம் பாதிதான். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் செம்மறிக் கூட்டங்கள் அறுவடை முடிந்த வயலில் கிடை போடத் தஞ்சைப் பக்கம் போகின்றன. ஊர் திரும்பும்போது மேய்ச்சல் புறம்போக்கு இருக்க வேண்டும். பதிவேட்டில் இருக்கிறது, நேரில் பார்த்தால் முள்காடு. ராமநாதபுரம் வெள்ளை ஆடு இந்த வெயிலையும் இந்தப் புல்லையும் நம்பி உருவான இனம். புல் போனால் இனமும் போகும். மேய்ச்சல் நிலத்தில் எந்தப் புல் எங்கே நின்றது, எந்த மாதம் எங்கே மேய்த்தார்கள் என்பது வயதான கீதாரிகளுக்கு இன்றும் மனப்பாடம். திட்டம் போடும் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

மரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புல் இரண்டு மூன்று மழைக்காலம் நின்று தரை இளகிய பிறகு, அதே இடத்தில் உகாய், பூவரசு, புங்கன் போன்ற உப்புக்கு அஞ்சாத மரங்களை இடைவெளி விட்டு வைக்கலாம், அப்போது பிழைக்கும். பசுமைத் தமிழகம் இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு என்றார்கள். இலக்கை மரத்தால் மட்டும் அளந்தால் புல் நடுகிற அதிகாரிக்குக் கணக்கில் ஒன்றும் சேராது. ஆகவே அவர் குழிதான் வெட்டுவார். ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடத்தை மீட்பதற்கென்றே அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டிருக்கிறது. மீட்பது என்றால் அங்கே முன்பு என்ன இருந்ததோ அது. பல உவர் நிலங்களில் முன்பு இருந்தது புல்வெளி. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகங்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சமயம் எது?

அரசிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்கிற காரியங்கள் அல்ல. கடலோர மாவட்டங்களில் சீமைக்கருவேல் அகற்ற விடும் ஒப்பந்தத்திலேயே, அகற்றிய நிலத்தில் அந்த மழைக்காலத்துக்குள் புல் நட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். புல் நடத் தயாராக இல்லாத நிலத்தில் அந்த வருடம் மரத்தைத் தொட வேண்டாம். அகற்றும் வேலையைக் கோடைத் தொடக்கத்தில் அல்ல, ஆவணி, புரட்டாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் மரக்கன்று நாற்றங்கால் இருப்பதுபோல, உள்ளூர் உவர்ப் புற்களின் தூர் கிடைக்கும் ஒரு நாற்றங்கால் வையுங்கள். மகளிர் குழுக்களிடம் கொடுத்தால் திறமையாக நடத்துவார்கள். எந்த நிலமானாலும் முதலில் மண்ணைப் பரிசோதித்து உவரா களரா என்று எழுதி வைத்த பிறகே என்ன நடுவது என்று முடிவெடுங்கள். நட்ட கன்று எத்தனை என்று கேட்பதோடு, அடுத்த சித்திரையில் எத்தனை ஏக்கர் தரை பச்சையாக மூடியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

வரும் மழைக்காலத்தில் ஒரே ஒரு கண்மாய்ப் புறம்போக்கிலாவது இதைச் செய்து பார்க்க மாவட்ட நிர்வாகம் முன்வந்தால், எந்தப் புல் எங்கே இப்போதும் நிற்கிறது என்று காட்ட நான் வருகிறேன். தூர் பிரித்துக் கொடுக்க ஆடு மேய்க்கும் பெண்கள் பலர் தயாராக இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
இராமநாதபுரம் மாவட்டம்.